கூடைப்பந்து தெரியாது, தெரிந்த மாதிரி நடித்து நண்பர்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறேன். உண்மையைச் சொல்லிவிடலாமா?

கேட்டவர் எழுதியிருப்பது இவ்வளவுதான்: பல்கலைக்கழக விடுதி, அறைத்தோழர்கள் மூவரும் கூடைப்பந்துப் பித்தர்கள், இவருக்கு அதில் ஒரு மண்ணும் தெரியாது, ஆறு மாதமாகத் தலையாட்டிக்கொண்டிருக்கிறார். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்ணும் உண்டாம். இந்தக் கடைசிச் சங்கதியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். அப்படி எழுதியதிலேயே தெரிந்துவிட்டது, கேள்வியே அதுதான்.

தம்பி, நீங்கள் உயரமானவராகத்தான் இருக்க வேண்டும். குட்டையானவனிடம் போய் யாரும் "பாஸ்கெட் பால் ஆடுவியா?" என்று கேட்பதில்லை. அதனால் அவனுக்குப் பொய் சொல்லும் வாய்ப்பும் வருவதில்லை. உயரமானவனுக்கு அந்தப் பொய் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. எனக்கு ஆறடி ஒரு அங்குலம். சொந்தக்காரர்கள் என்னை மனுசனாகப் பார்த்ததே கிடையாது, ஏணியாகத்தான் பார்த்தார்கள். கோயில் திருவிழா என்றால் தோரணம் கட்ட நான், கல்யாண வீடு என்றால் பல்பு மாட்ட நான். படம் பிடிக்கும்போது மட்டும் "நீ பின்னால போ, மறைக்குது". என் சொந்த அக்கா கல்யாணப் படத்தில் என் நெற்றி மட்டும்தான் இருக்கிறது. இதை எழுத வேண்டும் என்று நினைக்கவில்லை, வந்துவிட்டது.

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில், சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம், பாமாயில் எடுக்கிற பனை. அப்பா குலை வெட்டுகிறவர். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அரிவாளுக்குக் கம்பே வேணாண்டா உனக்கு, கைய நீட்டுனாலே குலை விழும்" என்பார். 1998இல் நான் நான்காம் படிவம். பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், என் கூட்டாளி கட்டை. ஐந்தடி இரண்டு அங்குலம், அதனால் அந்தப் பேர். அவன் நிஜப் பேர் அவன் அம்மாவுக்கே நின்று யோசித்தால்தான் வரும்.

கூடைப்பந்து அவனுடைய பைத்தியம், என்னுடையது இல்லை. தோட்டத்தில் பந்து என்றாலே காற்பந்துதான், திடல் இருக்கிறது, உதைக்கலாம். கூடைப்பந்துத் திடல் டவுனில் சீனப் பள்ளியில் ஒன்று, சீனக் கோயில் பக்கத்தில் ஒன்று. (சீனர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். வளையம் யார் வைத்தார்களோ அவர்கள் ஆடினார்கள். நாம் வைக்கவில்லை.) கட்டை தோட்டத்திலேயே ஒன்று செய்தான். பழைய ரப்பர்ப் பால் கொட்டாய்ச் சுவரில் ஒரு சைக்கிள் ரிம்மை ஆணியடித்தான். வளையம் தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருக்க வேண்டும் என்று எங்கோ படித்து, மூங்கிலில் குறி போட்டு அளந்து சரியாக அடித்தான். அகலத்தைத்தான் அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. உண்மையான வளையத்தின் குறுக்களவு 45 சென்டிமீட்டர். எங்கள் ரிம் அண்டா வாய் மாதிரி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாலும் விழும். அதனால் தோட்டத்தில் நான் பெரிய ஆட்டக்காரன்.

கட்டை நிஜமாகவே ஆடுவான். சீனக் கோயில் திடலில் வெளியே நின்று பார்த்தே கற்றுக்கொண்டவன். பந்து அவன் கையில் இருக்கிறதா தரையில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. அவன் பள்ளிப் பையில் ஒரு பத்திரிகைத் துண்டு எப்போதும் இருக்கும். மக்சி போக்ஸ் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் படம். ஐந்தடி மூன்று அங்குல உயரத்தில், அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்துத் தொடரான என்பிஏவில் 1987 முதல் 2001 வரை ஆடியவர். "என்னைவிட ஒரு இஞ்சிதான் ஒசரம் மச்சான்" என்று அந்தத் துண்டைத் தடவிக்கொண்டே சொல்வான்.

எங்கள் டவுன் கூடைப்பந்துக் குழுவுக்குப் பயிற்சி கொடுத்தவர் அங்கே இரும்புக்கடை வைத்திருந்த ஒரு தவுக்கே, சீன முதலாளி. சனிக்கிழமை ஆள் எடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, கட்டைதான் என்னைத் துணைக்கு இழுத்துப் போனான். தவுக்கே எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். பந்தைக்கூடக் கையில் கொடுக்கவில்லை. என்னைக் காட்டி "லு திங்கி, லு மாயின்" என்றார். நீ உயரம், நீ ஆடு. கட்டையைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார், மேலும் கீழுமாக இல்லை, பக்கவாட்டில்.

அங்கேயே நான் சொல்லியிருக்கலாம். "தவுக்கே, எனக்கு ஆடத் தெரியாது, இவனுக்குத் தெரியும்." ஒரே வரி. மலாயில் சொன்னால் இன்னும் சின்னது. சொல்லவில்லை. ஏன் என்றால், திடலின் அந்தப் பக்கம் பெண்கள் குழு பயிற்சி செய்துகொண்டிருந்தது, அதில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள்.

பேர் வேண்டாம். எங்கள் தோட்டத்து டிரஸர் மகள், டிரஸர் என்றால் தோட்ட மருந்தகத்தில் மருந்து கொடுப்பவர். சீனப் பள்ளியில் படித்தவள், நடுவரைச் சீனத்திலேயே திட்டுவாள். டிரஸர் வீடு என்றால் தோட்டத்தில் தனி மரியாதை, மேட்டில் இருக்கும். லயத்துப் பையன் சும்மா போய்ப் பேசிவிட முடியாது. ஆனால் கூடைப்பந்து ஆடுகிறவன் திடலில் பேசலாம். பேசினேன். வாரத்துக்கு ஒரு நாள், பயிற்சி முடிந்து, தண்ணீர்க் குழாயடியில். இதைக் காதல் என்று சொன்னால் அவள் இப்போதும் சண்டைக்கு வருவாள். அவளைப் பொறுத்தவரை அது குழாயடி, அவ்வளவுதான்.

நடிப்பு அப்போதுதான் சூடு பிடித்தது. பாசார் மாலாமில், இரவுச் சந்தையில், இருபத்தைந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு சப்பாத்து வாங்கினேன். காலை விரித்துப் பறக்கிற ஆள் படம் போட்டது. நம் போலிச் சப்பாத்தில் அந்த ஆள் பந்துக்குப் பதில் தேங்காய் வைத்திருந்த மாதிரிதான் தெரிந்தது. மூன்றாவது வாரம் அடிப்பாகம் வாயைத் திறந்தது. ரப்பர் தோட்டத்து வம்சம், சப்பாத்து ரப்பரை ஒட்டத் தெரியாதா என்று அம்மா சிரித்தார்.

ஜூன் மாதம் சிகாகோ புல்ஸ் அணி என்பிஏ பட்டத்தை ஆறாவது தடவை வென்றது. அமெரிக்காவில் ஞாயிறு இரவு, நமக்குத் திங்கட்கிழமைக் காலை. அந்த வாரம் குழாயடியில் அவள் கேட்டாள், "பாத்தீங்களா?" எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் ஆண்டெனாவை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றால்தான் செய்தி வாசிப்பவரின் முகமே தெரியும். நான், "முழுக்கப் பாத்தேன். கடைசியில ஜோர்டான் டங்க் அடிச்சாரு பாருங்க, ரிம்மே ஆடிப் போச்சு" என்றேன்.

விவரம் தெரியாதவர்களுக்காக: டங்க் என்றால் வளையம் வரை எம்பிப் பந்தைக் கையாலேயே உள்ளே திணிப்பது. இது அது இல்லை. ஆட்டம் முடிய 5.2 வினாடி இருக்கும்போது, தூரத்தில் நின்று எம்பி, மைக்கேல் ஜோர்டான் போட்ட பந்து அது. 87க்கு 86. கூடைப்பந்து பார்க்கிற உலகம் முழுக்க அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தது. டங்க் என்று சொன்ன ஒரே மனிதன் நான்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. குழாயை மூடினாள். பேச்சை மாற்றுகிற மாதிரி, தூரத்தில் என் பையையும் போத்தலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கட்டையைக் காட்டி, "அவரு யாரு? எப்பவும் உங்ககூட வர்றாரே" என்றாள்.

நான் சொன்னேன், "அவனா, தண்ணி தூக்குற பையன்."

தம்பி, உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு வலித்தது இந்த இடம்தான். ஆட்டம் தெரியும் என்று சொன்னது பெரிய பாவமே இல்லை, ஆண்பிள்ளைகள் அதைவிடப் பெரிய பொய்யெல்லாம் சொல்லிக் கல்யாணமே செய்துகொண்டிருக்கிறார்கள். கட்டைக்குக் காது நன்றாகக் கேட்கும். அதுதான் பிரச்சினை.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மானம் போகிற விஷயம். பக்கத்து ஊர்ப் பள்ளியோடு போட்டி. உயரம் என்பதால் தொடக்கப் பந்தை எம்பித் தட்ட என்னை விட்டார்கள். தட்டினேன், எதிரணி ஆள் கையிலேயே. வளையத்துக்கு அடியில் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. நான் தேர் நிலைக்கு வந்த மாதிரி அங்கேயே நின்றேன். ஊதினார்கள். மறுபடி நின்றேன், மறுபடி ஊதினார்கள். பதற்றத்தில் கையைக் காலை வீச ஆரம்பித்து, முதல் பாதி முடியுமுன் ஐந்து பவுல். ஐந்து ஆனால் வெளியே போக வேண்டும். நான் போகவில்லை. நடுவரிடம் "அமெரிக்காவுல ஆறு" என்று வாதாடினேன். உண்மைதான், என்பிஏவில் ஆறு. கட்டை சொல்லிக் கொடுத்து எனக்குத் தெரிந்த ஒரே தகவல், அதையும் அந்த இடத்தில் செலவு செய்தேன். தவுக்கே என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். கட்டை போத்தலை நீட்டினான். குடித்தேன்.

அந்தப் பெண்ணைக் கட்டை கல்யாணம் செய்துகொண்டான் என்று எதிர்பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இல்லை, சினிமா இல்லை. அவள் அடுத்த வருடம் கோலாலம்பூருக்குப் படிக்கப் போய்விட்டாள். நானும் அவளும் கடைசியாகப் பேசியது ஒரு பத்து செகண்ட், "கால் சரியாச்சா?" என்று கேட்டாள். கால் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் நொண்டிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது "நீ நீயா இரு" என்று புத்தி சொல்ல ஒரு கூட்டம் வரும். எங்கள் ஊரே தன் பேரோடு இருக்க முடியவில்லை ஐயா. பத்தாங் என்றால் மலாயில் தண்டு, பெர்ஜுந்தை என்றால் தொங்குகிற. சேர்த்துச் சொன்னால் சிரிக்கிறார்கள் என்று 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். பெஸ்தாரி என்றால் அறிவாளி. பேர் மாறிய மறுநாள் காலை பசியாறப் போனேன், யாரும் அறிவாளியாகியிருக்கவில்லை, ரொட்டி சானாய் அதே மாதிரிதான் கருகியிருந்தது. நாட்டிலேயே முதன்முதலில் வியாபாரத்துக்காகச் செம்பனை நட்ட தோட்டம் எங்கள் ஊர்ப் பக்கம்தான், 1917இல், ஒரு பிரெஞ்சுக்காரர் நட்டது. அதன் பேர் என்ன தெரியுமா? தென்னமரம். மண்ணே இப்படி இருக்கும்போது பதினாறு வயதுப் பையனை மட்டும் ஏன் பிடித்து உலுக்குகிறீர்கள்? நானும் ஷா ஆலாமில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எந்த ஊர் என்று கேட்டால் "குவாலா சிலாங்கூர் பக்கம்" என்றுதான் சொல்வேன். தோட்டம் என்று சொன்னால் "தோட்டக்காட்டான்" என்று ஒரு பார்வை வரும். அந்தப் பார்வையைப் பார்க்காதவர்கள் எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

உங்களுக்கு என்ன சொல்வது? அறைத்தோழர்களிடம் "எனக்கு ஒன்னும் தெரியாதுடா, சொல்லிக் குடு" என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பித்தர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதைவிடப் பிடித்த வேலை கிடையாது, கட்டையை வைத்துச் சொல்கிறேன். அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். அதோடு, உங்கள் பையை வைத்துக்கொண்டு யாராவது ஓரத்தில் உட்கார்ந்திருந்தால், அவன் பேரை முழுசாகச் சொல்லி அறிமுகம் செய்யுங்கள்.

கட்டை இப்போது சொந்தமாக லோரி வைத்திருக்கிறான், தோட்டத்திலிருந்து ஆலைக்குக் குலை ஏற்றுகிறான். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் புளிப்பு ஏறிவிடும். "அங்க 24 செகண்டுக்குள்ள பந்து போடணும், இங்க 24 மணி நேரத்துல குலை போடணும், நமக்கு இது போதும் மச்சான்" என்பான். போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், உட்கார்ந்திருந்தோம். இத்தனை வருடம் கழித்துக் கேட்டேவிட்டேன், "அன்னைக்கி நான் தண்ணி தூக்குறவன்னு சொன்னது உன் காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"மன்னிச்சிக்கடா."

"எதுக்கு? உன் போத்தல யாரு வெச்சிருந்தா, நான்தானே. அதுல பொய் இல்லையே. ஆனா ஜோர்டான் டங்க் அடிச்சாருன்னு சொன்ன பாரு..." நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "இன்னும் வயிறு எரியுது மச்சான். என்கூட சுத்துறவன் வாயில இருந்து இது வரலாமா?"

எழுந்து நின்றான். மேசை நடுவில் இருந்த தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குவளையை வளையமாக்கி, டிஷ்யூவைக் கசக்கி உருட்டி, நாலு எட்டுப் பின்னால் போய், அந்தக் கடைசிப் பந்தை ஜோர்டான் எப்படிப் போட்டார் என்று எம்பிக் காட்டினான். எறிந்த கையை மடக்கி அப்படியே காற்றில் வைத்திருந்தான், கடையில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும் வரை. டிஷ்யூ நேராகக் குவளைக்குள் விழுந்தது. பாதித் தே இன்னும் மிச்சம் இருந்த குவளை. என்னுடையது.