தேக்காவில் தொடங்காதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன்: "ஊரிலிருந்து வருகிறவர்களைத் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், ஒரு சுற்றுச் சுற்றவிட்டு, சிங்கப்பூர்த் தமிழர் மரபைக் காட்டிவிட்டதாக நினைப்பவர்கள் கதையை நடுவிலிருந்து வாசிப்பவர்கள்." வந்த கடிதங்களில் பாதி சண்டைக்கு. அவற்றை ஆசிரியரிடமே கொடுத்துவிட்டேன், அவருக்கும் பொழுது போக வேண்டும் அல்லவா? மீதிக் கடிதங்களுக்கு இங்கே பதில். இருபத்திரண்டு ஆண்டுகளாக வழிகாட்டி வேலை பார்த்துத் தேய்த்த செருப்புகளின் தைரியத்தில் சொல்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து என் சித்தி குடும்பம் மூன்று நாள்களுக்கு வருகிறது. செந்தோசா, மெரினா பே, முஸ்தஃபா என்று பட்டியல் தயார். ஒரே ஒரு காலைப்பொழுதுதான் மிச்சம். தேக்கா வேண்டாம் என்றால் வேறு எங்கே போவது? – வாசகி, பொங்கோல்

தேக்கா வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, அம்மா. அங்கே தொடங்காதீர்கள் என்றுதான் சொன்னேன். காலை எட்டரைக்குத் தெலுக் ஆயர் ரயில் நிலையத்தில் இறங்குங்கள். வெயில் ஏறிவிட்டால் சித்தி உங்களைத்தான் திட்டுவார்.

தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் முதலில் நாகூர் தர்கா. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டியது. 1974இல் தேசிய நினைவுச்சின்னமாக்கினார்கள். 2011 முதல் உள்ளே இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம் இயங்குகிறது. பார்க்கச் சிறிய கட்டடம். பின்னால் நிற்கும் கோபுரக் கட்டடங்களுக்கு முன்னால் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சர்க்கரைப் பொம்மை போல இருக்கும்.

ஒருமுறை நாகப்பட்டினத்திலிருந்து வந்த எண்பது வயதுப் பாட்டி ஒருவரை அங்கே அழைத்துப் போனேன். இந்து வீட்டுப் பாட்டிதான். ஆனால் நாகூர் ஆண்டவர் என்றால் அந்தப் பக்கத்தில் மதம் கேட்கிற வழக்கம் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். "கடல் எந்தப் பக்கம்?" என்றார். நாகூரில் தர்காவுக்குப் பக்கத்தில் கடல் உண்டு, இங்கே எங்கே என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. தெலுக் என்றால் மலாயில் விரிகுடா. அந்தத் தெருதான் அன்று கடற்கரை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண்ணைக் கொட்டித் தூர்த்த பிறகுதான் கடல் தள்ளிப் போனது. எதிரே இருந்த வங்கிக் கட்டடங்களைக் காட்டி, "இங்கேயேதான் பாட்டி, இவற்றுக்கு அடியில்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கள் தாத்தா கப்பலில் வந்து திரும்பி வரவே இல்லை. இறங்கினதும் இங்கே வந்து கும்பிட்டிருப்பார், இல்லையா?" என்றார். அவர் எந்த ஆண்டு வந்தார், எங்கே இறங்கினார் என்று எனக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் "ஆமாம்" என்றேன். வழிகாட்டி சொல்லக் கூடாத பதில் அது.

தர்காவிலிருந்து நாலு எட்டு வைத்தால் தியான் ஹொக் கெங், 1842இல் கட்டி முடிந்த ஹொக்கியன் சீனர்களின் கோயில். கடல் தெய்வமான மாசூவுக்கு. பத்திரமாகக் கரை சேர்ந்ததற்கு அவர்கள் நன்றி சொன்ன இடமும் நம்மவர்கள் நன்றி சொன்ன இடமும் ஒரே வரிசையில் நிற்கின்றன. உள்ளே போய்விட்டு வாருங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். அதே வரிசையில் இன்னும் கொஞ்சம் நடந்தால் அல்-அப்ரார் பள்ளிவாசல். 1827இல் வெறும் குடிசையாக இருந்ததால் அதற்குக் குச்சுப் பள்ளி என்று பெயர். பெயரைச் சொல்லிப் பாருங்கள், சித்திக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதே இல்லை.

அங்கிருந்து சவுத் பிரிட்ஜ் சாலைக்கு நடை. ஜாமிஆ பள்ளிவாசலில், அதாவது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்களின் பெரிய பள்ளியில், வாசலுக்கு எதிரே ஒரு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். வாசல் கோபுரம் தெருவுக்கு நேராக இருக்கும். உள்ளே தொழுகைக் கூடம் மட்டும் கோணலாகத் திரும்பியிருக்கும். கட்டியவர் கை தவறிவிடவில்லை. வாசல் தெருவைப் பார்க்கிறது, கூடம் மக்காவைப் பார்க்கிறது. இதை நானாகச் சொல்லவே மாட்டேன், வந்தவர்களே கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பேன். பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

அடுத்துச் ஸ்ரீ மாரியம்மன் கோயில். 1819இல் ராஃபிள்ஸின் கப்பலில் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827இல் மரமும் அத்தாப்பு ஓலையும் வைத்து எழுப்பியது. அவர் வைத்த சின்ன அம்மன்தான் மூலம். வேலை கிடைக்கும்வரை புதிதாக வந்தவர்கள் தங்கியதும் இங்கேதான். கோயிலின் இரண்டு பக்கத்துத் தெருக்களுக்கும் பெயர் என்ன என்று பாருங்கள்: டெம்பிள் ஸ்திரீட், பகோடா ஸ்திரீட். பகோடா என்றது நம் கோபுரத்தைத்தான். அதற்கடுத்த தெரு மோஸ்க் ஸ்திரீட். சீனர் பகுதியின் மூன்று தெருக்களுக்கு நம் கோயிலும் பள்ளிவாசலும் பெயர் கொடுத்திருக்கின்றன. பயணக் கையேடுகளோ ஓர் இனத்துக்கு ஒரு பேட்டை என்று வண்ணம் பூசிப் பிரித்து வைத்திருக்கின்றன. அதை நம்பித்தான் நாமும் தேக்காவைத் தாண்டுவதில்லை.

பசித்தால் மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. மாலையில் தேக்காவுக்குப் போங்கள். இப்போது கதை சரியான வரிசையில் வரும்.

கோயில்களில் சுற்றுப்பயணிகள் அரைக்கால் சட்டையோடு நுழைந்து படம் எடுத்துத் தள்ளுகிறார்கள். கும்பிட வந்தவர்களுக்கு இடைஞ்சல். இதுவா கலாசாரச் சுற்றுலா? – வாசகர், உட்லண்ட்ஸ்

உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் ஆள் தவறு. வாசலுக்கு வெளியே இரண்டு நிமிடம் நிறுத்தி, எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று சொல்லாத வழிகாட்டியைத் திட்டுங்கள். சொன்னால் கேட்கிறார்கள் ஐயா. ஒரு ஜெர்மானியர் காலணியோடு காலுறையையும் கழற்றி, மடித்துப் பையில் வைத்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, தீபாராதனை முடியும்வரை கேமராவைத் தொடவே இல்லை. அதே நேரத்தில் நம்மவர் ஒருவர் சந்நிதிக்கு முன்னால் காணொளி அழைப்பில் அத்தைக்கு அம்மனைக் காட்டிக்கொண்டிருந்தார்.

பல்தொழில்நுட்பக் கல்லூரி மாணவன் நான். நண்பர்களோடு சேர்ந்து சிங்கப்பூர்த் தமிழர் மரபு பற்றிக் குறுங்காணொளிகள் எடுக்கிறோம். முதல் காணொளி, தேக்கு மரத்திலிருந்து தேக்கா என்ற பெயர் வந்த கதை. அடுத்தது சிங்கப்பூர்க் கல்லில் இருக்கும் தமிழ் எழுத்து. உங்கள் கருத்து? – மாணவர், பிடோக்

தம்பி, முதலாவதைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். தேக்காவுக்கும் தேக்குக்கும் சம்பந்தம் கிடையாது. ஹொக்கியன் மொழியில் மூங்கில் புதரின் அடிவாரம் என்று பொருள்படும் தெக் கியா கா என்பதுதான் தேய்ந்து தேக்காவானது. மலாய்க்காரர்கள் அந்த வட்டாரத்தைக் கண்டாங் கெர்பாவ், எருமைப் பட்டி என்றார்கள். மகப்பேற்றுக்குப் பேர்போன கேகே மருத்துவமனையின் பெயரில் இருக்கும் இரண்டு கேயும் அந்தப் பட்டிதான். எருமை வியாபாரம் போய்ப் பல காலமாகிவிட்டது. பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் மட்டும் பெயரைச் சுமந்துகொண்டிருக்கின்றன. சீனப் பெயரும் மலாய்ப் பெயரும் உள்ள ஓரிடத்தை நாம் நம்முடையதாக்கிக்கொண்டோம் என்பது, தேக்கு மரத்தைவிட எவ்வளவு சுவையான கதை! அதை எடுங்கள்.

சிங்கப்பூர்க் கல் என்ற பழைய கல்வெட்டுப் பாறையை 1843இல் சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதில் உள்ளதை ஐயமறப் படித்துக் காட்டியவர் இன்றுவரை இல்லை. தமிழாக இருந்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். என் மகிழ்ச்சி ஆதாரமாகாது. "யாருக்கும் படிக்கத் தெரியாத கல்" என்று தலைப்பு வையுங்கள், இன்னும் நிறையப் பேர் பார்ப்பார்கள்.

கெர்பாவ் சாலையில் வானவில் போல நிற்கும் வீட்டையும் எல்லாரும் தமிழர் வீடு என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். அது டான் தெங் நியா என்ற சீன வணிகருடையது, 1900இல் கட்டியது. வண்ணமெல்லாம் பின்னால் வந்த பூச்சு. சந்தேகம் வரும்போது தேசிய நூலக வாரியம் மின்னிலக்கமாக்கி வைத்திருக்கும் தமிழ் முரசின் பழைய இதழ்களைப் புரட்டுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தில் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் இருக்கின்றன, தமிழிலும் உண்டு. அதற்கும் முன்னால் உங்கள் தாத்தாவிடம் கேளுங்கள். அவரிடம் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

பணி ஓய்வு பெற்றுவிட்டேன். தேக்கா எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வெளிநாட்டவரை அழைத்துப் போய்க் காட்டிக் கொஞ்சம் சம்பாதிக்கலாமா? – வாசகர், தெம்பனிஸ்

காசு வாங்கினால் உரிமம் வேண்டும். பயிற்சி, தேர்வு எல்லாம் உண்டு. இல்லாமல் செய்தால் சட்டப்படி குற்றம். சொந்தக்காரர்களுக்குக் காட்டினால் உரிமம் வேண்டாம், காசும் வராது.

லிட்டில் இந்தியாவைச் சுற்றுலாத் தலமாக்கியதால்தான் வாடகை ஏறிப் பழைய கடைகள் போயின என்கிறார் என் கணவர். சுற்றுலாவால்தான் மிச்சக் கடைகளாவது இருக்கின்றன என்கிறேன் நான். யார் சரி? – வாசகி, ஈசூன்

குடும்பச் சண்டையில் என்னை இழுத்துவிடுகிறீர்கள். இருவரும் பாதி சரி.

1989இல் அந்த வட்டாரத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். அதனால்தான் கடைவீடுகளும் அவற்றின் முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதைகளும் தப்பின. ஆனால் பாதுகாப்பு கட்டடத்துக்கு. உள்ளே இருப்பவர் மாலை கட்டுகிறாரா, கைப்பேசி உறை விற்கிறாரா என்று அது கேட்காது. இதில் உங்கள் கணவர் பக்கம் ஒரு புள்ளி.

உங்கள் பக்கத்துக்கும் ஒன்று சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பயண நிறுவனத்துக்கு வேலை செய்தேன். பூக்கடைக்கு எனக்கு ஒதுக்கியது பன்னிரண்டு நிமிடம், நினைவுப்பொருள் கடைக்கு நாற்பது நிமிடம். காரணம் உங்களுக்கே புரியும். ஒருநாள் பொறுமை போய்விட்டது, பூக்கடையில் நாற்பது நிமிடம் நிறுத்திவிட்டேன். மாலை கட்டுபவர் வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து, இரண்டு மல்லிகையை இந்தப் பக்கம், இரண்டை அந்தப் பக்கம் வைத்து, பார்க்காமலேயே ஒரு சுழற்று, ஓர் இழுப்பு. வாய் மட்டும் கைப்பேசியில் யாருடனோ நாமக்கல் நிலத் தகராறு பேசிக்கொண்டிருந்தது. பதினெட்டு ஆஸ்திரேலியர்கள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். ஆளுக்கொரு முழம் வாங்கினார்கள். ஒருவர் தொப்பியைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். அந்த நிறுவனம் அதன் பிறகு என்னைக் கூப்பிடவில்லை.

பயணிகள் வந்தால் மட்டும் போதாது, அவர்கள் பணம் எந்தக் கடைப் பெட்டியில் விழுகிறது என்பதுதான் கேள்வி. நீங்களும் உங்கள் கணவரும் கடைசியாக எப்போது அங்கே பூ வாங்கினீர்கள்?

மார்க்கெட் ஸ்திரீட் செட்டியார் கிட்டங்கிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? காரைக்குடியிலிருந்து வரும் நண்பருக்குக் காட்ட ஆசை. – வாசகர், ஜூரோங் வெஸ்ட்

கட்டடம் ஒன்றும் இல்லை. இடித்துவிட்டார்கள். என் தந்தை அந்தத் தெருவுக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில் வேலை பார்த்தார். பள்ளி விடுமுறையில் நானும் அவருக்குப் பின்னால் தூக்குச் சட்டியோடு போவேன். ஒவ்வொரு கிட்டங்கியும் ஒரு நீளமான கூடம். இருபுறமும் தரையில் வரிசையாக மரப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். அந்தப் பெட்டிதான் அவருடைய மேசை, அலுவலகம், வங்கி எல்லாம். ஒரு கூரைக்கு அடியில் பல வட்டிக்கடைகள். யாரும் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கோப்பியை வைத்தால் தலையைத் தூக்காமலேயே காசைப் பெட்டி மேல் வைப்பார்கள், அதுவும் சரியான சில்லறையாக.

நண்பரை டேங் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்கு அழைத்துப் போங்கள். 1859இல் செட்டியார்கள் எழுப்பியது, இப்போதிருப்பது பின்னால் புதுப்பித்துக் கட்டிய கட்டடம். தைப்பூசத்துக்கு முதல்நாள் வர முடிந்தால் இன்னும் நல்லது. அன்று செட்டிப்பூசம். முருகன் வெள்ளி ரதத்தில் கியோங் சேக் சாலை லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போய்த் திரும்புவார்.

மார்க்கெட் ஸ்திரீட்டிலும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். நான் குழுக்களை அங்கே நிறுத்தி, ஒன்றுமில்லாத இடத்தைக் கையால் காட்டிப் பேசுவேன்: இங்கே கூடம், இங்கே பெட்டி, இங்கே கோப்பி. போன மாதம் கட்டடப் பாதுகாவலர் ஒருவர் வந்து, என்ன பார்க்கிறீர்கள் என்று விசாரித்தார். தமிழர். ஓர் ஓரமாக நிற்கச் சொன்னார், நின்றோம். அவரும் நின்றார். கடைசியில், "அந்தப் பெட்டிகளெல்லாம் எங்கே போயின?" என்று கேட்டார். நான் பதில் சொல்லத் தொடங்குமுன் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி அவரைக் கூப்பிட்டுவிட்டது.