கிவ் அப், கிவ் அவுட்: கௌனாஸ் பாட்டிக்கு எப்படிச் சொல்லித் தருவது?

கேள்வி: நான் லிதுவேனியாவில் கௌனாஸ் நகரில் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சோவியத் காலத்தில் பள்ளியில் ரஷ்ய மொழி படித்தவர். மகள் குடும்பம் டப்ளினில் இருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம்தான் சரளமாக வருகிறது. அவர்களோடு பேசுவதற்காக என்னிடம் ஆங்கிலம் படிக்கிறார். சாதாரண வாக்கியங்கள் வந்துவிட்டன. ஃப்ரேசல் வெர்ப், அதாவது வினையோடு 'அப்', 'அவுட்' போன்ற துண்டுச்சொல் சேர்ந்து வேறு பொருள் தருவது, வந்ததும் நின்றுவிட்டோம். "கிவ் என்றால் கொடு, அப் என்றால் மேலே. கிவ் அப் எப்படித் தோல்வியை ஒப்புக்கொள்வது ஆகும்?" என்று கேட்கிறார். பட்டியல் எழுதிக் கொடுத்தேன், மனப்பாடம் நிற்கவில்லை. போன வாரம் பேரன் "மம்மி கேவ் அவுட் டு மீ" என்றானாம். அம்மா என்ன கொடுத்தாள் என்று என்னிடம் கேட்டார், எனக்கே தெரியவில்லை. மரபுத்தொடர்களிலும் இதே கதைதான். எனக்கு லிதுவேனிய மொழி கடைக்குப் போய்வரும் அளவுக்குத் தெரியும். என்ன செய்யலாம்?
— வாசகி, கௌனாஸ்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பேரன் விஷயத்தை முடித்துவிடலாம். அம்மா அவனுக்கு எதையும் கொடுக்கவில்லை, திட்டியிருக்கிறார். 'கிவ் அவுட்' என்றால் பொதுவாக விநியோகிப்பது. ஆனால் அயர்லாந்தில் 'கிவ் அவுட் டு' என்றால் ஒருவரைக் கடிந்துகொள்வது. ஐரிஷ் மொழியில் திட்டுவதற்கு 'வெளியே கொடுப்பது' என்று சொல்லுக்குச் சொல் பொருள்படும் ஒரு தொடர் இருக்கிறது. அது அப்படியே அங்குள்ள ஆங்கிலத்துக்குள் நுழைந்துவிட்டது. நீங்கள் படித்த ஆங்கிலத்தில் இது இல்லாததில் வியப்பில்லை.

இப்போது உங்கள் வீட்டுக்கார அம்மாவிடம், ஒருவரை நன்றாகத் திட்டித் தீர்ப்பதை லிதுவேனிய மொழியில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேளுங்கள். 'இஷ்பர்த்தி' என்பார். 'பர்த்தி' என்றால் திட்டு. 'இஷ்' என்றால் வெளியே. ஐரிஷ் தொடருக்கும் இதற்கும் உறவு எதுவும் கிடையாது. ஆனாலும் அவர் வாயாலேயே அந்த 'வெளியே' வரும்போது, பேரனின் 'அவுட்' அவருக்கு மறக்காது.

உங்கள் கேள்வி முழுவதற்கும் என் பதில் இதில்தான் இருக்கிறது. பட்டியலை எடுத்து வைத்துவிடுங்கள். ஃப்ரேசல் வெர்ப் அவருக்குப் புதிய விஷயமே இல்லை, அவர் மொழி நெடுக அதேதான். ஒரு சின்ன வினைச்சொல், அதோடு ஒட்டிக்கொண்டு பொருளை மாற்றும் ஒரு துண்டுச்சொல். ஆங்கிலம் அந்தத் துண்டை வினைக்குப் பின்னால் தனியாக வைக்கிறது, லிதுவேனிய மொழி முன்னால் ஒட்டிவிடுகிறது. இப்படிப்பட்ட முன்னொட்டுகள் அவர்களிடம் ஒரு டஜன் அளவுக்கு உண்டு. அவற்றைக் குழந்தையிலிருந்து பேசி வளர்ந்தவருக்கு 'கிவ் அப்' ஏன் அந்நியமாகத் தெரிய வேண்டும்?

அவர் கேட்ட கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். கொடு என்பதற்கு அவர்கள் சொல் 'துவோத்தி'. சரணடைவதற்கு 'பஸிதுவோத்தி'. அதற்குள்ளேயும் 'கொடு' உட்கார்ந்திருக்கிறது! காட்டிக்கொடுப்பது 'இஷ்துவோத்தி', விற்பது 'பர்துவோத்தி'. ஒரே 'கொடு'விலிருந்து சரணாகதியும் துரோகமும் வியாபாரமும் பிறக்கின்றன. இதை அவரிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். ஆங்கிலத்தின் மேல் அவருக்கு இருக்கும் வருத்தம் பாதி குறைந்துவிடும்.

'அப்' எங்கே மேலே போகிறது என்ற சந்தேகத்துக்கு வருவோம். 'ஈட் அப்', 'ட்ரிங்க் அப்', 'யூஸ் அப்' ஆகியவற்றில் 'அப்' மேல்நோக்கி எங்கும் போவதில்லை, வேலை முழுவதும் முடிந்தது என்று காட்டுகிறது. லிதுவேனிய மொழியில் 'வல்கீத்தி' என்றால் சாப்பிடு, 'சுவல்கீத்தி' என்றால் மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடி. 'சு' என்பதற்குத் தனியாகப் பொருள் சேர்ந்து, கூட என்பது. சாப்பாட்டில் எது எதோடு சேர்ந்தது என்று எந்த லிதுவேனியரும் கேட்பதில்லை. நம் தமிழிலும் 'சாப்பிட்டுவிடு' என்கிறோம், அதில் எதையும் விடவில்லை. உங்களுக்கும் அவருக்கும் இது பொதுவான இடம் என்பதால் இங்கிருந்து தொடங்குவது நல்லது.

அடுத்து எனக்கு மிகவும் பிடித்த வினை, பார் என்ற பொருள் தரும் 'ஜ்யூரேத்தி'. 'லுக் ஆஃப்டர்' என்றால் கவனித்துக்கொள்வது. அவர்கள் அதை 'ப்ரிஜ்யூரேத்தி' என்கிறார்கள், 'ப்ரி' என்றால் அருகில். நாம் குழந்தையைப் 'பார்த்துக்கொள்' என்பதில்லையா, அங்கேயும் பார்வைதான். 'லுக் ஓவர்' என்றால் ஒரு தடவை முழுக்கப் பார்ப்பது. அவர்களுக்கு அது 'பெர்ஜ்யூரேத்தி', ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்ப்பது. ஆங்கிலத்தில் அதே இரண்டு சொற்களை இடம் மாற்றி 'ஓவர்லுக்' என்றால் பொருள் தலைகீழாகிவிடும், கவனிக்காமல் விட்டுவிடுவது. படிப்பவர்களைத் திணற வைக்கும் இடம் இது. லிதுவேனியருக்கோ இது கைவசம் இருக்கிறது, ஏனென்றால் கவனிக்காமல் விடுவதற்கு அவர்களிடம் 'ப்ரஜ்யூரேத்தி' என்று தனிச்சொல் உண்டு. 'ப்ர' என்றால் தாண்டிப் போவது, பார்வை பொருளைத் தாண்டிப் போய்விட்டது. 'பெர்' போட்டால் 'லுக் ஓவர்', 'ப்ர' போட்டால் 'ஓவர்லுக்' என்று சொல்லிக்கொடுங்கள். எந்தப் பட்டியலும் இவ்வளவு தெளிவாக இதைப் பிரித்துக் காட்டாது.

ஒரு தகவலையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பழைய ஆங்கிலமும் ஒரு காலத்தில் இந்தத் துண்டுகளை முன்னால்தான் ஒட்டியது. 'ஓவர்கம்', 'வித்ஸ்டாண்ட்' போன்றவை அந்தக் காலத்தின் மிச்சம்.

இதே போல் 'புட் ஆஃப்' அவர்களுக்கு 'அத்திதேத்தி', நமக்குத் தள்ளிவைப்பது. கணக்கிலிருந்து கடனைத் தள்ளுபடி செய்யும் 'ரைட் ஆஃப்' அவர்களுக்கு 'நுரஷீத்தி', அதில் 'ரஷீத்தி' என்பது எழுது. ஆனால் ஓர் எச்சரிக்கை. முன்னொட்டை அகராதி போல ஒன்றுக்கு ஒன்று வைத்து மொழிபெயர்க்கக் கூடாது. விளக்கை அணைப்பது 'இஷ்யுங்க்த்தி', அதில் இருப்பது 'வெளியே' என்னும் 'இஷ்'. ஆங்கிலத்தில் வழக்கமாகச் சொல்வது 'டர்ன் ஆஃப்'. 'இஷ்' வந்தால் 'அவுட்' என்று அவர் பழகிவிட்டால் பாதி இடங்களில் தவறு வரும். பொருள் எப்படிப் பிறக்கிறது என்பது மட்டும்தான் அவர் மொழியிலிருந்து கிடைக்கும், சொல்லை ஆங்கிலத்திடமிருந்துதான் வாங்க வேண்டும்.

உண்மையான சிக்கல் பொருளில் இல்லை, வரிசையில் இருக்கிறது. 'டர்ன் இட் ஆஃப்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் லிதுவேனியர்கள் 'டர்ன் ஆஃப் இட்' என்று சொல்வார்கள். அவர்களுக்கு வினையும் ஒட்டும் ஒரே சொல், நடுவில் யாரும் நுழைய முடியாது என்பது அவர்கள் எண்ணம். அப்படியா? தூக்கு என்பதற்கு 'கெல்த்தி', தன்னைத் தானே தூக்கி எழுவதற்கு 'கெல்த்திஸ்'. இந்தக் கடைசி 'ஸ்' முன்னொட்டு வந்ததும் வாலை விட்டுவிட்டு நடுவில் புகுந்துகொள்கிறது: 'அத்ஸிகெல்த்தி'. காலையில் எழுந்ததைச் சொல்ல தினமும் அவர் பயன்படுத்தும் சொல் இது. அந்த 'ஸி' எப்படி நடுவில் போய் உட்காருகிறதோ அப்படித்தான் 'டர்ன் இட் ஆஃப்' என்பதில் 'இட்' உட்காருகிறது என்று காட்டுங்கள். இரண்டும் ஒரே இலக்கணம் அல்ல, ஆனால் நடுவில் நுழையலாம் என்ற அனுமதி அவர் மனதுக்குக் கிடைத்துவிடும். 'அப், டவுன், ஆஃப், அவுட், அவே' வந்தால் பெரும்பாலும் 'இட்' நடுவில் போகும். 'ஆஃப்டர், அட், இன்டு, வித்' வந்தால் கடைசியில்தான் நிற்கும். தொடக்கத்துக்கு இது போதும்.

இன்னொரு பழக்கத்தையும் கவனியுங்கள். லத்தீனிலிருந்து வந்த சொற்கள் லிதுவேனிய மொழியில் நிறைய உண்டு. அதனால் பொறுத்துக்கொள்வது என்று பொருள்படும் 'புட் அப் வித்' என்ற இடத்தில் 'டாலரேட்' அவர் நாவுக்கு எளிதாக வரும். தவறில்லை. ஆனால் பேரனோடு அப்படியே பேசினால் பாட்டியின் பேச்சில் அரசாங்கக் கடித வாடை அடிக்கும்.

மரபுத்தொடர்களில் நான் வேறு வழி சொல்வேன்: முதலில் புரிந்துகொள்ளட்டும், பேசுவது பிறகு வரட்டும். ஒரே கருத்து மொழிக்கு மொழி வேறு உருவம் எடுப்பதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். நாம் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கிறோம், ஆங்கிலேயர் இரண்டு பறவை, லிதுவேனியர் ஒரே வேட்டில் இரண்டு முயல். சின்ன விஷயத்தைப் பெரிதாக்குவதைச் சொல்ல ஆங்கிலத்தில் அகழெலி தோண்டிய மண்மேட்டை மலையாக்குவார்கள். லிதுவேனியர்கள் ஈயை யானையாக்குவார்கள்.

ஆபத்து எங்கே என்றால், உருவம் ஒன்றாக இருந்து பொருள் வேறாகும் இடத்தில். பார்க்காமல் பொருளை வாங்குவதை லிதுவேனியர்கள் 'சாக்கில் பூனை வாங்குவது' என்பார்கள். ஆங்கிலத்தில் அந்தச் சாக்கில் பன்றி இருக்கும். ஆங்கிலத்திலும் சாக்கிலிருந்து பூனை வெளியே வருவது உண்டு, ஆனால் அதற்கு அர்த்தம் ரகசியம் கசிந்துவிட்டது என்பது. இதே போல் அவர்கள் 'காதில் மக்கரோனி தொங்கவிடுவது' என்றால் ஏமாற்றுவது. அதை ஆங்கிலத்தின் 'காலை இழுப்பதோடு' சேர்த்துவிடாதீர்கள், அது வெறும் கேலி.

பூனையும் நாயுமாக மழை கொட்டும் தொடரைப் பாடப்புத்தகங்கள் எல்லாம் சொல்லித் தரும். டப்ளின் பேரன் பெரும்பாலும் 'இட்ஸ் லாஷிங்' என்றுதான் சொல்வான். அதைக் கற்றுக்கொடுங்கள்.

அப்புறம், முதல் மாதத்துக்கு 'அப்', 'அவுட்', 'ஆஃப்' மூன்று மட்டும் போதும். வினை வாரியாகப் போகாமல் இந்தத் துண்டுகள் வாரியாகப் போங்கள். ஒவ்வொன்றுக்கும் அவரே தன் மொழியிலிருந்து ஓர் இணையைத் தேடிச் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் லிதுவேனியமும் இதில் வளரும். அவர் பேரனோடு பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து திருத்த வேண்டாம், 'டர்ன் ஆஃப் இட்' என்றாலும் பேரனுக்குப் புரியும். பேச்சு முடிந்ததும் புரியாமல் போன சொற்களை அவர் ஒரு தாளில் குறித்துவைக்கட்டும். அடுத்த பாடத்தை அந்தத் தாளிலிருந்து தொடங்குங்கள்.