இணை மேலாண்மைக் குழுவுக்கு ஆலோசகராகப் போகுமுன்

கேள்வி: ஒன்டாரியோ மாகாண அரசில் நெடுங்காலம் வனவுயிர் ஆய்வாளராகப் பணிபுரிந்தவன் நான். கனடாவின் வடமேற்கிலுள்ள இனுவிக் நகரில், பழங்குடி மக்களும் அரசும் இணைந்து நடத்தும் மேலாண்மைக் குழு ஒன்றுக்குத் தொழில்நுட்ப ஆலோசகராகச் சேரும் வாய்ப்பு வந்துள்ளது. அங்கே எனக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கும்? எதைப் படித்துக்கொண்டு போக வேண்டும்?

பதில்: ஆலோசகருக்கு வாக்கு இல்லை. 1984 ஜூன் 5 அன்று அப்பகுதியின் பழங்குடியினரான இனுவியாலுயித் மக்களும் கனடா அரசும் கையெழுத்திட்ட இனுவியாலுயித் இறுதி உடன்படிக்கை உருவாக்கிய குழுக்களில் இனுவியாலுயித் தரப்பும் அரசுத் தரப்பும் சம எண்ணிக்கையில் அமர்கின்றன. மீன்வளக் கூட்டு மேலாண்மைக் குழுவை எடுத்துக்கொண்டால் இருவருக்கு இருவர், அவர்களுக்குத் தலைவர் ஒருவர். முடிவு அவர்களுடையது. ஆனால் முடிவுக்கு முன் அவர்கள் படிக்கும் பின்னணிக் குறிப்பையும், முடிவுக்குப் பின் அமைச்சருக்குப் போகும் கடிதத்தையும் வரைவது பெரும்பாலும் ஆலோசகர்தான். எந்தத் தகவல் முதல் பக்கத்தில் நிற்க வேண்டும், எது பின்னிணைப்புக்குப் போக வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிக்கும்போது, பழைய துறையின் பழக்கம் உங்களை அறியாமலே உள்ளே வரும். அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

படிக்க வேண்டியது உடன்படிக்கையின் மூலப் பிரதி. உயிரியல் உங்களுக்குத் தெரியும். எந்தக் கட்டத்தில் யார் பேச வேண்டும் என்ற நடைமுறை விதி இங்கே வெறும் சடங்கு அல்ல என்பதை அண்டையிலுள்ள யூகான் பிரதேசத்தின் பீல் நதிப்படுகை வழக்கு காட்டியது. நிலப்பயன்பாட்டுத் திட்ட ஆணையம் 2011இல் தந்த இறுதிப் பரிந்துரை, அப்பகுதியில் 80 சதவீதத்தைப் பாதுகாக்கச் சொன்னது. அதற்கு முந்தைய கட்டத்தில் சமநிலை வேண்டும், போக்குவரத்து வழி வேண்டும் என்று பொதுப்படையாக மட்டும் கருத்துச் சொல்லியிருந்த யூகான் அரசு, 2014இல் பெரிதும் மாறுபட்ட சொந்தத் திட்டமொன்றை ஏற்றுக்கொண்டது. 2017இல் கனடா உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்து, இறுதிப் பரிந்துரை மீது கலந்தாலோசிக்கும் கட்டத்துக்கே நடைமுறையைத் திருப்பி அனுப்பியது. விவரமாகச் சொல்ல வேண்டியதை உரிய கட்டத்தில் சொல்லாதவர், கடைசியில் திட்டத்தையே மாற்றி எழுத முடியாது. ஆகவே உங்கள் குழு அனுப்பும் ஒவ்வொரு பரிந்துரையிலும் காரணம், ஆதாரம், உடன்படிக்கையின் எந்தப் பிரிவின்கீழ் அனுப்பப்படுகிறது என்ற குறிப்பு மூன்றும் இருக்கட்டும்.

வேட்டைக்காரர்களின் அறிவை எப்படி நடத்துவது என்பதில்தான் அனுபவமுள்ள ஆலோசகரும் புதியவரும் வேறுபடுகிறார்கள். அலாஸ்காவில் 1977இல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் போஹெட் திமிங்கில வேட்டையை நிறுத்த முனைந்தபோது, அவற்றின் எண்ணிக்கை பற்றிய அப்போதைய மதிப்பீடு 2,000ஐத் தாண்டவில்லை. பனி விளிம்பில் நின்று, திறந்த நீர்ப்பாதையில் கடந்துபோனவற்றை எண்ணிய கணக்கு அது. திமிங்கிலங்கள் பனிக்கட்டிக்கு அடியிலும், கண்ணுக்கெட்டாத தூரத்திலும் போகின்றன என்று அலாஸ்காவின் பழங்குடியினரான இனுபியாத் வேட்டைக்காரர்கள் சொன்னார்கள். பின்னர் நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டபோது அது சரியென்று தெரிந்தது. 2001இல் மதிப்பீடு 10,000ஐக் கடந்திருந்தது. இடையில் இனம் பெருகியதும் உண்மைதான், எல்லாமே எண்ணும் முறையால் வந்த வேறுபாடு அல்ல. ஆனாலும் வேட்டைக்காரர்களின் கூற்று கணக்கெடுப்பின் வடிவத்தையே மாற்றியது என்பதைப் பாருங்கள். அத்தகைய கூற்றை அறிக்கையின் ஓரத்தில் 'உள்ளூர்க் கருத்து' என்று பெட்டி கட்டிப் போடுவது, என் கருத்தில், மரியாதைபோலத் தோன்றும் புறக்கணிப்பு. சோதிக்கத்தக்க கூற்றாக எடுத்துக்கொண்டு, எந்த ஆண்டு, எந்தக் கரை, எந்தக் காற்று என்று கேட்டு எழுதுங்கள்.

உங்கள் பகுதியிலேயே அதற்கு நல்ல வழக்கம் இருக்கிறது. ஜூலையில் மெக்கென்சி ஆற்று முகத்துவாரத்தில் பெலூகா என்னும் வெண்திமிங்கில வேட்டை நடக்கும்போது, ஊர்க் கண்காணிப்பாளர்கள் கரைக்கு இழுக்கப்பட்ட திமிங்கிலத்தின் நீளத்தை அளந்து, கீழ்த்தாடையை எடுத்துவைக்கிறார்கள். அதிலுள்ள பல்லை அறுத்து, வளர்ச்சிப் படலங்களை எண்ணி வயது கணிக்கப்படுகிறது. வேட்டைக்காரரின் ஒத்துழைப்பு இல்லாமல் அந்தத் தரவு கிடையாது. அதே ஜூலையிலோ, வாத்துக்கள் வரும் மே மாதத்திலோ நீங்கள் கூட்டம் வைத்தால் யாரும் வரமாட்டார்கள். அதை அக்கறையின்மை என்று கூட்டக் குறிப்பில் எழுதிவிடாதீர்கள்.

இனுவிக் ஒரே ஊர்தான், ஆனால் அங்கு வாழும் மற்றொரு பழங்குடியினரான க்விச்சின் மக்களுக்கு 1992ஆம் ஆண்டின் தனி உடன்படிக்கையும் தனி வளக் குழுவும் உண்டு. எந்த விலங்கு, எந்த நிலம், யாருடைய குழு என்பதை முதல் வாரத்திலேயே வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

வேலையை ஏற்பதற்கு முன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். நீங்கள் அறிக்கை தர வேண்டியது குழுத் தலைவருக்கா, வேறு யாருக்கா? மக்கள் தந்த தகவலை வெளியிட யாருடைய அனுமதி வேண்டும்? அக்லாவிக், டுக்டோயாக்டுக், பாலாடுக், சாக்ஸ் ஹார்பர், உலுக்காக்டோக் ஆகிய ஊர்களின் வேட்டைக்காரர் குழுக்களை நேரில் சந்திக்கப் பயணச் செலவும் மொழிபெயர்ப்பாளரும் உண்டா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் சம்பளத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதைப் பேசுங்கள்; அந்த ஊர்களில் பலவற்றுக்கு விமானத்தில்தான் போக வேண்டும்.