அதிகம் பேசப்படாத கிளாசிக் ராக் ஆல்பம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்? ஏன்?

தி ஸோம்பீஸ் குழுவின் 'ஒடிஸி அண்ட் ஆரக்கிள்'. 1968 ஏப்ரலில் இங்கிலாந்தில் வெளிவந்தது. பன்னிரண்டு பாட்டுகள், ஏறக்குறைய 35 நிமிடம். என்னிடம் யார் எப்போது கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். பதினைந்து வருடமாக இந்தப் பதில் மாறவில்லை.

குழுவின் பெயரைப் பார்த்துவிட்டு ஏதோ பேய்க் கூச்சல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். லண்டனுக்கு வடக்கே உள்ள செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில், பள்ளி வயதில் சேர்ந்த ஐந்து பையன்கள். கீபோர்டு ராட் ஆர்ஜன்ட், பாட்டு காலின் பிளன்ஸ்டோன், பேஸ் கிட்டார் கிறிஸ் ஒயிட், கிட்டார் பால் அட்கின்சன், டிரம்ஸ் ஹியூ கிரண்டி. 1964-இல் 'ஷீ இஸ் நாட் தேர்' என்ற முதல் பாட்டிலேயே அமெரிக்கா வரை பெயர் போனது. அதற்குப் பிறகு போட்ட தட்டுகள் பெரும்பாலும் எடுபடவில்லை. 1967 வாக்கில் கையில் காசு இல்லை, மனதில் தெம்பு இல்லை. ஆர்ஜன்டும் ஒயிட்டும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: பிரிவதென்றால் பிரிவோம், அதற்கு முன் நாம் நினைத்தபடி, நாமே தயாரித்து ஓர் ஆல்பம் செய்துவிடுவோம்.

இது தெரிந்த பிறகுதான் எனக்கு அந்த ஆல்பத்தின் ருசி முழுதாகப் பிடிபட்டது. யாரையும் திருப்திப்படுத்த வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. அடுத்த ஹிட் எங்கே என்று கேட்டு நச்சரிக்க ஒருவரும் பக்கத்தில் இல்லை. போகிற போக்கில் இருந்ததையெல்லாம் வைத்துவிட்டுப் போனார்கள்.

சிபிஎஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் கொடுத்தது 1,000 பவுண்டு. அதை வைத்துக்கொண்டு 1967 ஜூனில் லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவுக்குள் நுழைந்தார்கள். பீட்டில்ஸ் அங்கே 'சார்ஜன்ட் பெப்பர்' வேலையை முடித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அந்த ஆல்பத்தில் வேலை செய்த ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக், பீட்டர் வின்சோடு சேர்ந்து இவர்களுக்கும் வேலை செய்தார். ஜான் லெனனின் மெல்லோட்ரான் ஸ்டுடியோவிலேயே கிடந்தது. மெல்லோட்ரான் என்பது ஒரு விசித்திரமான பெட்டி. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு ஒலிநாடா. கட்டையை அழுத்தினால் அதில் பதிந்துள்ள வயலினோ புல்லாங்குழலோ ஒலிக்கும். எட்டு விநாடி போனால் நாடா தீர்ந்துவிடும், விரலை எடுத்துத்தான் ஆக வேண்டும். வயலின் குழுவை வரவழைக்கக் காசில்லாத பையன்கள் இந்தப் பெட்டியை வைத்து ஒரு வாத்தியக் குழுவையே கட்டி எழுப்பியிருக்கிறார்கள். 'ஹங் அப் ஆன் எ ட்ரீம்' பாட்டைக் கேளுங்கள், அந்த நாடாக்களின் லேசான நடுக்கம் பாட்டு முழுக்கப் பனிபோலப் படிந்திருக்கும்.

எனக்கு இதை அறிமுகம் செய்தது கூட வேலை பார்த்த ஓர் அண்ணன். சென்னையில் நைட் ஷிப்ட், கம்பெனி வேனில் வீடு திரும்பும் விடியற்காலை. "தம்பி, ஒண்ணும் பேசாத, கேளு" என்று ஒரு பக்க இயர்போனை என் காதில் வைத்தார். முதல் பாட்டு 'கேர் ஆஃப் செல் 44'. துள்ளிக்கொண்டு போகும் பியானோ, அதன் கீழே தனியாக ஒரு மெட்டுப் பாடுவதுபோல் நகரும் பேஸ். ரொம்ப சந்தோஷமான பாட்டு என்றுதான் நினைத்தேன். இரண்டாவது முறை கேட்டபோதுதான் வரிகள் காதில் விழுந்தன. சிறையிலிருந்து விடுதலையாகி வரப்போகும் காதலிக்கு ஒருவன் எழுதும் கடிதம் அது. உனக்காக அறையைத் தயார் செய்துவிட்டேன், வந்ததும் நிறையப் பேசலாம் என்கிற ரகம். அவள் என்ன குற்றம் செய்தாள் என்று பாட்டு எங்கேயும் சொல்லாது. அவனுக்கு அது தேவைப்படவும் இல்லை. நடுவில் ஓரிடத்தில் வாத்தியங்கள் விலகி, குரல்கள் மட்டும் அடுக்கடுக்காக மேலே ஏறும். அந்த இடத்தில் அண்ணன் கையைத் தூக்கி, 'வருது பார்' என்று சைகை காட்டினார். இன்றும் அந்த இடம் வந்தால் என் கை தானாக எழும்புகிறது.

இந்த மகிழ்ச்சியோடு ஒட்டிக்கொண்டே துயரம் நிற்பதுதான் இந்த ஆல்பத்தின் குணம். அடுத்து வரும் 'எ ரோஸ் ஃபார் எமிலி'யில் ஒரு பியானோவும் குரல்களும் மட்டும்தான். தலைப்பை அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் ஃபாக்னரின் சிறுகதையிலிருந்து எடுத்துக்கொண்டார் ஆர்ஜன்ட். கதையின் திகில் இதில் இல்லை. தோட்டத்து ரோஜாக்களைக் காதலர்கள் பறித்துப் போக, தனக்கென்று ஒரு பூவும் வாராமலே முதுமை அடைகிற ஒருத்தி. அவ்வளவுதான் பாட்டு. பிளன்ஸ்டோனின் குரலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அதில் காற்று அதிகம். உரக்கப் பாடும்போதும் காதருகே சொல்வதுபோலவே இருக்கும். ராக் பாடகர்கள் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்த காலத்தில், கத்தாமலே ஒருவரால் இவ்வளவு வலியைச் சொல்ல முடிந்திருக்கிறது.

'பீச்வுட் பார்க்' கிறிஸ் ஒயிட் எழுதியது. அவருடைய அப்பா மார்க்யேட் என்ற ஊரில் கடை வைத்திருந்தார். அங்கிருந்து சரக்கு கொண்டு போய்ப் போட்ட இடங்களில் ஒன்று பீச்வுட் பார்க். கோடை மழை பெய்து ஓய்ந்த கிராமத்துச் சாலையின் ஞாபகம் அந்தப் பாட்டு. நான் அந்த ஊரைப் பார்த்ததில்லை. ஆனால் மழை நின்ற பின் சூடான தார் ரோட்டிலிருந்து ஆவி எழும்புகிற வாசனை அந்தப் பாட்டில் எனக்கு வருகிறது.

நான் அதிகம் வாதாட விரும்பும் பாட்டு 'புட்சர்ஸ் டேல்'. ஆல்பத்தைப் பிடித்தவர்களிலேயே பாதிப் பேர் இதைத் தாண்டிப் போகிறார்கள், அது எனக்கு வருத்தம். முதல் உலகப் போரில் பிரான்ஸ் களத்துக்கு அனுப்பப்பட்ட ஒரு கசாப்புக்காரனின் புலம்பல். கறி வெட்டிப் பழகிய கை, அங்கே பார்த்ததில் நடுங்க ஆரம்பித்து நிற்கவே மாட்டேன் என்கிறது. 1916-இல் பிரான்சில் சொம் போர் உட்பட பெருஞ்சண்டைகள் நடந்த இடங்களின் பெயர்கள் வரிசையாகப் பாட்டில் வருகின்றன. சொம் போரின் முதல் நாளில் மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் 57,000-க்கும் அதிகமானோர் இறந்தோ காயப்பட்டோ போனார்கள் என்று தெரிந்துகொண்டு கேட்டால், அந்தப் பெயர்கள் வேறு மாதிரி விழும். இதை பிளன்ஸ்டோன் பாடவில்லை. பயிற்சியில்லாத, ஒடுங்கிய குரலில் ஒயிட்டே பாடினார். கூடவே காலால் மிதித்துக் காற்றேற்றும் பழைய ஆர்கன்.

என் மாமா ஒரு காலத்தில் நாடகக் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர். நம் நாடகக் கொட்டகைகளில் இருந்த கால் ஆர்மோனியமும் இதுவும் ஒரே ஜாதி வாத்தியம்தானே என்று அவருக்கு இதைப் போட்டுக் காட்டினேன். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாகப் புரியாது. கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "காத்து பத்தல அந்தப் பெட்டிக்கு. மூச்சு வாங்குது பாரு. சாகப்போறவன் பாட்டா இது?" என்று கேட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில் அமெரிக்காவில் இந்த ஆல்பத்திலிருந்து இந்தப் பாட்டைச் சிங்கிளாக, அதாவது தனித் தட்டாக, போட்டார்கள். விற்கவில்லை.

கடைசிப் பாட்டு 'டைம் ஆஃப் தி சீசன்' உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பேஸ் சில சுரம் போடும், ஒரு கைதட்டல், உடனே 'ஹா' என்று ஒரு பெருமூச்சு. அதைப் பதிவு செய்த அன்று பெரிய சண்டை. ஆர்ஜன்ட் அப்போதுதான் எழுதி முடித்த பாட்டு அது. இப்படிப் பாடு, அப்படிப் பாடு என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து திருத்திக்கொண்டே இருக்க, ஸ்டுடியோ நேரம் கரைய, பொறுமை போன பிளன்ஸ்டோன், அவ்வளவு தெரிந்தால் நீயே வந்து பாடு என்று சொல்லிவிட்டார். நீதான் பாடகன், நீதான் பாட வேண்டும் என்று ஆர்ஜன்ட் விடவில்லை. அந்தக் கோபத்தோடு பாடிய பாட்டுதான் பிறகு உலகமெங்கும் போனது.

பதிவு முடிந்ததும் இன்னொரு சங்கடம். மோனோவில், அதாவது எல்லா ஒலியும் ஒரே தடத்தில் வரும்படி, மிக்ஸ் செய்து கொடுத்துவிட்டார்கள், பணமும் தீர்ந்துவிட்டது. இப்போது இடது, வலது என்று ஒலி பிரிந்து வரும் ஸ்டீரியோவிலும் வேண்டும் என்றது நிறுவனம். பாட்டெழுதி வந்த சொந்த ராயல்டி பணத்தைப் போட்டு ஆர்ஜன்டும் ஒயிட்டும் அதைச் செய்து கொடுத்தார்கள். 'திஸ் வில் பி அவர் இயர்' பாட்டின் டிரம்பெட்டுகளை நேராக மோனோ மிக்ஸிலேயே சேர்த்திருந்ததால் அதற்கு மட்டும் உண்மையான ஸ்டீரியோ கிடைக்கவில்லை. முடிந்தால் முழு ஆல்பத்தையும் மோனோவிலேயே கேளுங்கள், குரல்களின் அடுக்கு அதில்தான் கெட்டியாக நிற்கிறது. அட்டைப்படம் வரைந்த டெர்ரி குவர்க் 'ஒடிஸி' என்பதன் ஆங்கில எழுத்துகளில் முதல் 'ஒய்' வர வேண்டிய இடத்தில் 'இ' போட்டுவிட்டார். திருத்த நேரமில்லை. அந்தப் பிழையோடுதான் இன்றுவரை அச்சாகிறது.

ஆல்பம் கடைக்கு வரும் முன்பே, 1967 டிசம்பரில், குழு கலைந்துவிட்டது. இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் அது இடமே பிடிக்கவில்லை. பிளன்ஸ்டோன் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் குமாஸ்தா வேலைக்குப் போனார். அமெரிக்காவில் வெளிவந்ததே ஒரு ரசிகனால்தான். இசைக்கலைஞர் அல் கூப்பர் லண்டனிலிருந்து வாங்கி வந்த தட்டுக் கட்டில் இது தனியாக மின்னியது. அவர் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத் தலைவர் கிளைவ் டேவிஸிடம் போய், இதை வெளியிட்டே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினார். 1969 தொடக்கத்தில் 'டைம் ஆஃப் தி சீசன்' அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுப் பட்டியலில் 3-ஆம் இடம். பணம் தருகிறோம், மறுபடி சேருங்கள் என்று கேட்டும் அவர்கள் சேரவில்லை. அந்த இடைவெளியில் அமெரிக்காவில் போலி ஸோம்பீஸ் குழுக்கள் கிளம்பி ஊர் ஊராக வாசித்தன. பின்னாளில் ஸீஸீ டாப் குழுவில் புகழ்பெற்ற டஸ்டி ஹில்லும் ஃபிராங்க் பியர்டும் அப்படி ஒரு போலிக் குழுவில் இருந்தவர்கள்.

ஒரு பாட்டு ஹிட் ஆகிவிட்டது, பிறகு எப்படிப் 'பேசப்படாதது' என்று கேட்கலாம். அந்த ஒரு பாட்டுதான் காரணம். அதை மட்டும் தெரிந்துகொண்டு மற்ற பதினொன்றையும் விட்டவர்கள் ஏராளம். என் நண்பர் வட்டத்தில் பிங்க் ஃபிளாய்ட், டீப் பர்ப்பிள், ஈகிள்ஸ் பற்றி விடிய விடியப் பேசுவார்கள், இதன் பெயரைச் சொன்னால், "யாருப்பா அது?" என்பார்கள். இது பரவியதெல்லாம் ஆள் ஆளாகத்தான். இங்கிலாந்தில் ராக் பாடகர் பால் வெல்லர் தனக்குப் பிடித்த ஆல்பம் இது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் விமர்சகர்களும் வந்தார்கள். ரோலிங் ஸ்டோன் இதழ் 2003-இல் போட்ட 500 சிறந்த ஆல்பங்கள் பட்டியலில் 80-ஆம் இடம். 2019-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவமும் கிடைத்தது.

எனக்கு அந்தக் கௌரவத்தைவிட 2008 மார்ச்தான் பெரிது. நாற்பதாவது ஆண்டுக்காக லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் அரங்கில் இந்த ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை மேடையில் வாசித்தார்கள். அதற்கு முன் ஒரு முறைகூட முழுதாக வாசித்ததில்லை. பால் அட்கின்சன் 2004-இல் இறந்துவிட்டதால் பழைய ஐவரில் நான்கு பேர்தான். அந்தக் கச்சேரியின் பதிவு கிடைக்கிறது. அறுபதைத் தாண்டிய பிளன்ஸ்டோன் அதே காற்றுக் குரலில் 'கேர் ஆஃப் செல் 44' தொடங்கும்போது கூட்டம் ஒரு நொடி அப்படியே அடங்கி, பிறகு கூடவே பாட ஆரம்பிக்கிறது. வாத்தியங்கள் விலகிக் குரல்கள் மேலேறும் அந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறேன். பதிவை அண்ணனுக்கும் அனுப்பினேன். அவர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். பதிலாக அவரிடமிருந்து வந்தது, தூக்கிய கையின் படம் மட்டும்.