நியூ சேலத்தில் லிங்கன் கடை பலகைக் கட்டடமா?

பின்னாளில் அமெரிக்க அதிபரான ஆபிரகாம் லிங்கன் இளவயதில் வாழ்ந்த நியூ சேலத்தில் (இல்லினாய்ஸ் மாநிலம்) எடுத்த கடைப் படத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் தவறான கட்டடத்தைப் படம் பிடிக்கவில்லை. லிங்கனும் அவர் கூட்டாளி பெர்ரியும் நடத்திய இரண்டாவது கடை அதுதான். "ஊரே உருட்டுமரக் குடில், இது மட்டும் ஏன் பலகை?" என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஊரில் அறுத்த பலகையால் ஆன ஒரே கட்டடம் அதுதான்.

குழப்பத்துக்குக் காரணம், அங்கே பெர்ரி-லிங்கன் கடை இரண்டு இருப்பது. முதல் கடை உருட்டுமரம்தான். உங்கள் வழிகாட்டி அதைக் காட்டியிருப்பார்.

படத்தைப் பெரிதாக்கி மூலையைப் பாருங்கள். உருட்டுமரச் சுவர் என்றால் மரங்களின் நுனிகள் வெட்டிக் கோத்து ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரியும், இடுக்கில் பூச்சு இருக்கும். பலகைச் சுவரில் இது எதுவும் இருக்காது.

அப்புறம், மகளின் பள்ளிப் படத்தொகுப்பில் "லிங்கன் நின்ற அதே சுவர்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 1840 வாக்கில் ஊர் காலியாகிவிட்டது. இப்போது நிற்பவை பெரும்பாலும் 1930களில் திரும்பக் கட்டியவை. அசல் என்று எஞ்சியது ஆன்ஸ்டாட் என்பவரின் பீப்பாய்ப் பட்டறை ஒன்றுதான், 1835இல் கட்டியது. அதுவும் பக்கத்து ஊர் பீட்டர்ஸ்பர்க்குக்குப் போய் 1922இல் திரும்பி வந்தது. அதன் படம் இருந்தால் அதையே முதலில் ஒட்டச் சொல்லுங்கள்.