கடவுளை நம்புகிறவர் அரசின் அதிகாரத்தை மறுக்க முடியுமா?

கேள்வி இதுதான்: அரசுக்கு நம்மை ஆள உண்மையில் உரிமை உண்டா, மதம் ஒரு பதிலும், அரசே வேண்டாம் என்னும் அரசின்மைவாதம் வேறொரு பதிலும் சொல்கின்றனவா?

1840-இல் தன்னை அரசின்மைவாதி என்று அறிவித்துக்கொண்ட பிரெஞ்சுக்காரர் புரூதோனின் பதில் நேரடியானது: மனிதனை மனிதன் ஆள்வதே ஒடுக்குமுறை. கிறிஸ்தவ மறையிலோ இரண்டு குரல்கள். "தேவனாலேயன்றி ஒரு அதிகாரமுமில்லை" என்கிறார் பவுல் (ரோமர் 13:1). அப்போஸ்தலர் 5:29-இல் பேதுருவோ, மனுஷரைவிடத் தேவனுக்குக் கீழ்ப்படிவதே அவசியம் என்கிறார். அரசர்கள் எப்போதும் முதல் வசனத்தையே பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டாவதைப் பிடித்துக்கொண்டவர்கள் ரஷ்யாவின் டூகோபார்கள் என்ற விவசாயிகள். ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் கடவுள் இருக்கிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. அப்புறம் எப்படிப் பட்டாளத்தில் சேர்ந்து சுடுவது? 1895 கோடையில் காகசஸ் பகுதியில் தங்கள் துப்பாக்கிகளைக் குவித்து, விறகு அடுக்கி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். தீயைச் சுற்றி நின்று சங்கீதம் பாடினார்கள். குதிரையில் வந்த அரசின் கோசாக் படைவீரர்கள் சவுக்கால் விளாசினார்கள். திருப்பி அடிக்கவில்லை. 1899-இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். தன் நாவல் ஒன்றின் வருமானத்தை அதற்குக் கொடுத்தார் டால்ஸ்டாய்.

சரி, கனடாவில் நிம்மதியா? பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் 1907-இல் அவர்களின் பெரும்பகுதி நிலம் பறிபோனது.

வலியவன் எளியவனை அடித்தால் அரசில்லாமல் யார் தடுப்பது என்பதற்கு அரசின்மைவாதிகள் தரும் பதில் எனக்குப் போதவில்லை. ஆனால் சுடச் சொல்லும் உத்தரவுக்கு "முடியாது" என்று சொல்லும் உரிமை எந்த அரசும் கொடுத்து வருவதல்ல என்பதில் டூகோபார்கள் பக்கம்தான் நிற்கிறேன்.