கேள்வி – பதில்: உள்ளே எத்தனை பேர்?

கேள்வி: ஐயா, நானும் என் அறைத்தோழனும் வெவ்வேறு ஆன்லைன் ரோல்-ப்ளேயிங் கேம் (ஒரு கேரக்டராக மாறி, பலரோடு சேர்ந்து ஆடுவது) விளையாடுகிறோம். தன் விளையாட்டில் 3 கோடி பேர் இருப்பதாக அவன் சொல்கிறான். என் விளையாட்டில் லாகின் திரை எந்நேரமும் 30,000 என்ற அளவில்தான் காட்டுகிறது. இரண்டையும் எப்படி ஒப்பிடுவது?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: இந்த இரண்டு எண்களையும் ஒப்பிடவே முடியாது. கோடிக்கணக்கில் சொல்லப்படுவது பெரும்பாலும் விளையாட்டு தொடங்கிய நாள் முதல் பதிவான அக்கவுண்ட்களின் மொத்தத் தொகை. அக்கா மகனுக்காக நான் தொடங்கி, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்துவிட்டு, கடவுச்சொல்லையே மறந்துபோன அக்கவுண்டும் அப்படி ஒரு தொகைக்குள்தான் கிடக்கிறது. உங்கள் திரை காட்டுவதோ அந்த நிமிடத்தில் உள்ளே இருப்பவர்களை மட்டும்.

நம் வேய்ந்தான்குளம் பேருந்து நிலையத்தில் காலை 9 மணிக்கு நிற்பவர்களை எண்ணிவிட்டு, அன்றைக்கு வந்துபோனவர்கள் அவ்வளவுதான் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒருவர் சராசரியாக எவ்வளவு நேரம் அங்கே நிற்கிறார் என்பதும் தெரிந்தால்தான் கணக்கு நகரும். உங்கள் விளையாட்டில் இரவு பகல் சராசரியாக 30,000 பேர் இருந்தால், வாரத்தின் 168 மணி நேரத்துக்கு 50,40,000 ஆட்ட மணி ஆகிறது. ஒருவர் வாரத்துக்கு 10 மணி நேரம் விளையாடுகிறார் என்று கொண்டால் 5,04,000 பேர். 20 மணி நேரம் என்று கொண்டால் 2,52,000 பேர். திரையில் தெரியும் எண் மாறவில்லை, ஆள்கணக்கு மட்டும் பாதியாகிவிட்டது. ஆகவே நேரத்தை விழுங்கும் விளையாட்டு தன் உண்மையான கூட்டத்தைவிடப் பெரிதாகத் தோன்றும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தா எண்ணிக்கை இவற்றைவிட நம்பகமானது; ஆனால் அதற்கும் ஒரு வரையறை உண்டு. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்ற விளையாட்டு 2010 அக்டோபரில் 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்களைத் தொட்டதாக அறிவித்தபோது, ஆட்ட நேரத்தை மணிக்கணக்கில் வாங்கி, கடைசி 30 நாள்களுக்குள் விளையாடியவர்களும் அதில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். 2015இல் அது 55 லட்சமாகக் குறைந்ததும், இனி சந்தா எண்ணிக்கையை வெளியிடுவதில்லை என்று விளையாட்டை நடத்தும் நிறுவனம் சொல்லிவிட்டது. கூட்டம் குறையும்போது எண்ணுவதையும் நிறுத்திக்கொள்வது வியாபார வழக்கம்தான். அதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில், ஒரு விளையாட்டில் அந்த நேரம் எத்தனை பேர் என்று எல்லோரும் பார்க்கக் கிடைக்கும் எண்ணை நம்பலாமா என்றால், அந்த விளையாட்டுக்குள் நுழைய வேறு வாசல் உண்டா என்று முதலில் பாருங்கள். 2021இல் நியூ வேர்ல்டு என்ற விளையாட்டு வெளிவந்தபோது கணினியில் ஸ்டீம் வழியாக மட்டுமே விளையாட முடிந்ததால், ஒரே நேரத்தில் 9 லட்சத்துக்கும் மேல் என்ற எண் ஏறக்குறைய முழுக் கூட்டத்தையும் காட்டியது. நிறுவனத்தின் சொந்த லாஞ்சரும் (விளையாட்டைத் திறக்கும் மென்பொருள்) உள்ள விளையாட்டுக்கு அதே எண் ஒரு பகுதியைத்தான் காட்டும். போதாக்குறைக்கு, விளையாட்டுக்குள் தங்கம் சேர்த்து விற்பதற்கென, ஆளில்லாமல் தானாக ஓடும் பாட் நிரல்கள் வேறு. லாஸ்ட் ஆர்க் என்ற விளையாட்டில் 2022 மார்ச்சில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பாட் அக்கவுண்ட்கள் நீக்கப்பட்டன.

கேள்வி: எந்த எண்ணையும் வெளியிடாத விளையாட்டில் நாமே கணக்கெடுக்க வழியுண்டா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: உங்கள் ஊருக்கு மேலே களக்காடு – முண்டந்துறையில் புலிகளைக் கணக்கெடுக்கும் முறையே இதற்கும் உதவும். தானியங்கிக் கேமராவில் பதிவான புலியை அதன் வரிகளைக் கொண்டு அடையாளம் கண்டு, அதே புலி மறுபடி எத்தனை முறை சிக்குகிறது என்பதிலிருந்து மொத்தத்தை மதிப்பிடுகிறார்கள். விளையாட்டில் வரிகளுக்குப் பதில் கேரக்டர் பெயர்கள். திங்கள் இரவு விளையாட்டுக்குள் உள்ள சந்தைத் தெருவில் 200 பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வியாழன் இரவு அதே இடத்தில் மறுபடி 200 பெயர்களைக் குறியுங்கள். அவற்றில் 40 பெயர்கள் இரண்டு பட்டியலிலும் இருந்தால், 200ஐ 200ஆல் பெருக்கி 40ஆல் வகுக்க, ஏறத்தாழ 1,000 கேரக்டர்கள் என்று கிடைக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். நாள் தவறாமல் வருகிறவர்களே இரண்டு பட்டியலிலும் விழுவார்கள் என்பதால், எப்போதாவது எட்டிப்பார்ப்பவர்கள் விடுபட்டு, விடை உண்மையைவிடக் குறைவாகத்தான் வரும். மேலும் புலிக்கு உடல் ஒன்றுதான். ஒரே ஆள் 6 கேரக்டர்கள் வைத்திருப்பது இந்த விளையாட்டுகளில் சாதாரணம்.

கேள்வி: ஆள் அதிகமுள்ள ஐரோப்பிய சர்வரில் சேர்ந்தேன், மாலை 7 மணிக்கு நுழைந்தால் குழு சேரவே ஆள் கிடைப்பதில்லை. ஏன்?
– வாசகி, வள்ளியூர்

பதில்: வள்ளியூரில் மாலை 7 மணி என்றால் ஜெர்மனியில் பிற்பகல் 2.30 (அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைக்கும் கோடைக்கால நேரம் நடக்கும்போது 3.30). அவர்கள் வேலையிலும் வகுப்பிலும் இருக்கும் நேரம் அது. அங்கே கூட்டம் சேரும் இரவு 8 மணி நமக்கு நள்ளிரவு 12.30, கோடையில் 11.30. மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, நீங்கள் விளையாடும் அதே 7 மணிக்கு ஆசிய சர்வரில் ஒரு வாரம் நுழைந்து, குழு கிடைக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.